அன்னாபொலிஸில் படித்துக்கொண்டே கிளப் ஐஸ் ஹாக்கி: பத்தாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வருடம் வரை முழுமையான வழிகாட்டி

என் மகள் அன்னாபொலிஸில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் நான்கு வருடம் படித்தாள், நான்கு வருடமும் பெண்கள் கிளப் ஹாக்கி அணியில் ஆடினாள். அவள் என்சைன் என்கிற இளநிலை அதிகாரியாகிக் கப்பலுக்குப் போய்விட்டாலும் நாங்கள் ஸ்பான்ஸர் குடும்பமாகத் தொடர்கிறோம். அகாடமிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வீடு, சனிக்கிழமை பிள்ளைகள் வந்து வயிறாரச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்புவார்கள், அவ்வளவுதான் ஸ்பான்ஸர் வேலை. வருடா வருடம் வரும் புது ஹாக்கிப் பிள்ளைகள் அதே நாலைந்து இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஸ்கேட்டிங் போதாமல் நின்றவர்களைவிட, செய்ய வேண்டியதை முன்பின் மாற்றிச் செய்து நின்றவர்களே அதிகம். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் ஒரு முறை படித்துவிடுங்கள், அப்புறம் பிள்ளையோடு உட்கார்ந்து இன்னொரு முறை.

1. எந்த அகாடமி, எந்த ஹாக்கி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியிலும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமானப்படை அகாடமியிலும் ஆண்கள் ஹாக்கி என்பது என்சிஏஏ என்கிற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் டிவிஷன், அதாவது உச்ச நிலை. அங்கே பயிற்சியாளர்களே ஆள் தேடி எடுப்பார்கள், பள்ளி முடித்து ஓரிரு வருடம் ஜூனியர் ஹாக்கி ஆடிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அன்னாபொலிஸில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியுமே கிளப் அணிகள், ஆடுவது ஏசிஹெச்ஏ என்கிற கல்லூரி கிளப் ஹாக்கி சங்கத்தின் கீழ்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கிளப் என்றதும் வார இறுதியில் பொழுதுபோக்குக்கு ஆடுவது என்று நினைத்து வந்து திணறியவர்களையும் பார்த்திருக்கிறேன், முதல் டிவிஷன் கனவோடு வந்து ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வெளியூர்ப் பயணமும் தீவிரமான பயிற்சியும் உண்டு. ஆனால் படிப்பு, ராணுவக் கடமை, ஹாக்கி மூன்றும் மோதினால் விட்டுக்கொடுக்க வேண்டியது ஹாக்கிதான். பிள்ளைக்கு ஹாக்கிதான் முதல் ஆசை, கடற்படை இரண்டாவது என்றால் வேறு கல்லூரி பாருங்கள், மனப்பூர்வமாகச் சொல்கிறேன். படிப்புக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முடித்ததும் குறைந்தது ஐந்து வருடம் பணியாற்ற வேண்டும். அந்த ஐந்து வருடத்தை ஹாக்கிக்காக ஒப்புக்கொள்ளக் கூடாது.

வயது: சேரும் வருடம் ஜூலை 1 அன்று 17 நிரம்பியிருக்க வேண்டும், 23 ஆகியிருக்கக் கூடாது. அமெரிக்கக் குடிமகனாக, திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். கிரீன் கார்டோடு நிற்கும் குடும்பங்கள் குடியுரிமை வேலையை முதலில் முடியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

2. மருத்துவக் கோப்பைப் பத்தாம் வகுப்பிலேயே திறந்து பாருங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அதனால்தான் அழுகிறார்கள். அகாடமி விண்ணப்பத்துக்கு டாட்மெர்ப் என்கிற பாதுகாப்புத் துறையின் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஹாக்கிப் பிள்ளைகள் அதில் சாதாரணமாக மாட்டுகிற இடங்கள் மூன்று.

முதலாவது இன்ஹேலர். ரிங்க் என்கிற ஐஸ் ஆடுகளத்தின் குளிர்க் காற்றில் இருமல் வரும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார்கள், கோப்பில் ஆஸ்துமா என்று ஒரு வரி ஏறிவிடும். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா என்று பதிவானால் அது தகுதியிழப்புக் காரணம். உண்மையிலேயே ஆஸ்துமா இருந்தால் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளையின் மூச்சுதான் பெரிது. ஆனால் சந்தேகம் மட்டும்தான் என்றால் நுரையீரல் சோதனை செய்து, சரியான நோயைச் சரியான பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது தலையில் அடி, அதாவது கன்கஷன். மூன்றாவது முழங்கால் ஜவ்வு, தோள்பட்டை அறுவை சிகிச்சைகள். இவை இருந்தாலே கதவு மூடிவிட்டது என்று பொருள் இல்லை, வெய்வர் என்கிற விலக்கு உண்டு. டாட்மெர்ப் தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும், விலக்கு கொடுப்பது அகாடமி. அதற்கு அறுவை சிகிச்சை அறிக்கை, பிசியோதெரபி முடிந்த சான்று, மறுபடி ஆடலாம் என்று மருத்துவர் கையெழுத்திட்ட தாள் எல்லாம் வேண்டும். நடந்து மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிளினிக்கே இடம் மாறியிருக்கும், அதனால் அன்றைக்கே பிரதி வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

எதையும் மறைக்காதீர்கள். பின்னால் வெளியே வந்தால் அது உடம்புப் பிரச்சினை என்பதிலிருந்து நேர்மைப் பிரச்சினை ஆகிவிடும், அந்த இடத்தில் அதற்கு மன்னிப்பு கிடைப்பது கடினம்.

3. நாமினேஷனும் உடல்தகுதித் தேர்வும்

மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் நாமினேஷன் என்கிற பரிந்துரை இல்லாமல் உள்ளே போக முடியாது. உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், துணை அதிபர், நான்கு பேருக்கும் விண்ணப்பியுங்கள். ஒன்று போதுமே என்று நிறுத்துவதுதான் பெரிய தவறு. பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் இது நடக்கும், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒவ்வொரு கடைசி நாள்.

அதே மாதங்கள்தான் ஹாக்கி டோர்னமென்ட் உச்சத்தில் இருக்கும் மாதங்களும். நேர்காணல் பெரும்பாலும் வார இறுதியில் விழும். நேர்காணலுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே நாள் என்றால் ஆட்டத்தை விடுங்கள், பயிற்சியாளரிடம் செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிட்டால் மனக்கசப்பும் வராது.

உடல்தகுதித் தேர்வில் முட்டி போட்டபடி கூடைப்பந்து எறிதல், புல்-அப், ஷட்டில் ஓட்டம், புஷ்-அப், 1 மைல் ஓட்டம் எல்லாம் வரும். ஹாக்கிப் பிள்ளைகளின் தொடை தேக்குமரம் மாதிரி இருக்கும், ஆனால் கம்பியில் தொங்கினால் தடுமாறுவார்கள். ஆறு மாதம் முன்பே புல்-அப் ஆரம்பியுங்கள். கூடைப்பந்து எறிதலைப் பழகாமலே போய் நின்றவர்கள் நிறைய, பத்து நாள் பழகினாலே வித்தியாசம் தெரியும்.

4. ஜூன் கடைசி: ஸ்கேட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்

பிளீப் என்றால் முதல் வருட மாணவர். அவர்களுக்கான பிளீப் சம்மர் என்கிற கோடைப் பயிற்சி ஏழு வாரம் போல. முடி வெட்டி, சீருடை மாட்டி, காலையிலிருந்து இரவு வரை ஓட்டமும் அணிவகுப்பும் பாடமும். ஐஸ் கண்ணில் படாது. முதல் நாளுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று அகாடமி அனுப்பும் பட்டியல்தான் வேதம். அதில் இல்லாத ஹாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் அந்தப் பிள்ளை முதல் மணி நேரத்திலேயே எல்லார் கண்ணிலும் பட்டுவிடும், அங்கே அது நல்லதில்லை.

ஆகஸ்டில் பெற்றோர் வார இறுதி வரும். கிட்டை அப்போது கொண்டுபோய்க் கொடுங்கள், எங்கே வைக்கலாம் என்று அணிக்காரர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஸ்கேட்டை உலரவைத்து, அடியிலுள்ள இரும்புப் பிளேடில் லேசாக எண்ணெய் தடவி, துணி உறையில்லாமல் வைப்பது. ஏழு வாரம் பையிலேயே மூடிக் கிடந்த ஸ்கேட்டில் ரிவெட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருக்கும்.

இன்னொன்று, பாதம். ஏழு வாரம் பூட்ஸில் ஓடிய காலுக்குப் பழைய ஸ்கேட் பிடிக்கும் என்று நிச்சயம் சொல்ல முடியாது. ஸ்கேட் பொதுவாக ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாக இருக்கும், விரல் நுனி முன்பக்கத்தை மெதுவாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் பின்னால் விலக வேண்டும். என் மகளுக்குக் கொப்புளம் ஆறிய இடத்தில் ஸ்கேட் கடித்தது. கடையில் சூடாக்கி அந்த இடத்தை மட்டும் அழுத்தி விரித்துக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. ட்ரை-அவுட், அதாவது அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு, அன்று காலையில் இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

5. ட்ரை-அவுட்டுக்கு முன்னால் வாரக் கணக்கை எழுதுங்கள்

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அக்டோபரில் அணியை விட்டுப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அகாடமியில் எல்லாருமே ஏதாவது ஒரு விளையாட்டில் இருந்தாக வேண்டும்: வர்சிட்டி என்கிற முதன்மை அணி, கிளப், இல்லையென்றால் கம்பெனி என்கிற மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான ஆட்டம். பிற்பகல் வகுப்பு முடிந்ததிலிருந்து மாலை உணவு வரை அதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறது. அப்படியானால் ஹாக்கிக்கு நேரம் தானாகக் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் ரிங்க் இருப்பது செவர்ன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரிகேட் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில். அறையிலிருந்து எட்டிப் போட்டால் ரிங்க் என்கிற கதை இல்லை, வண்டி பிடிக்க வேண்டும். என் மகள் முதல் வருடம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: ஐஸில் 75 நிமிடம், அறையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை இரண்டே முக்கால் மணி நேரம். மாட்டுவது, கழற்றுவது, குளிப்பது, வண்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

அந்தக் கணக்கை இப்படிப் போடுங்கள். ஒரு தாளில் ஏழு நாளையும் வரைந்து, முதலில் வகுப்புகள், பிறகு அணிவகுப்பு, வாட்ச் என்கிற காவல் முறை, சனிக்கிழமைப் பயிற்சி, கால்பந்து நாட்கள் என்று மாற்ற முடியாதவற்றை நிரப்புங்கள். உள்ளூர் கால்பந்து ஆட்டத்துக்கு மொத்த பிரிகேடும், அதாவது மாணவர் எல்லாரும், ஸ்டேடியத்துக்கு அணிவகுத்துப் போகும். டிசம்பரில் ஆர்மி-நேவி ஆட்டம், அதை ஒட்டி செமஸ்டர் தேர்வு. அதற்கப்புறம் தூக்கம். அதற்கும் அப்புறம்தான் ஹாக்கி. ஹாக்கியை முதலில் எழுதிவிட்டு மற்றதை இடுக்கில் செருகினால், செருக முடியாமல் வெளியே விழுவது தூக்கமாகத்தான் இருக்கும். அதன் விலை ஆறாவது வார மதிப்பெண்ணில் தெரியும்.

பிளீப் வருடத்தில் கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் எல்லாருக்கும் கட்டாயம். மொத்தச் சராசரி 2.0-க்குக் கீழே போனால் ஹாக்கியைவிடப் பெரிய ஆபத்து, அகாடமியில் நீடிப்பதே கேள்வியாகும். ஏசிஹெச்ஏ ஆட்டத்துக்கும் கல்வித் தகுதி உண்டு. ஆசிரியரிடம் தனியாகப் போய்க் கற்கும் ஈஐ என்கிற ஏற்பாடு இருக்கிறது. புரியாமல் போன பிறகு போகாதீர்கள், இரண்டாவது வாரத்திலேயே வாரம் ஒரு நாள் என்று ஈஐயைத் தாளில் எழுதிவிடுங்கள். பயண வாரத்தில் விட்டுப்போகும் பாடத்தை ஏற்கெனவே முகம் தெரிந்த ஆசிரியரிடம் கேட்பது எவ்வளவு சுலபம் என்று பிள்ளைகளே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் பிஆர்டி, கடற்படையின் உடல்தகுதித் தேர்வு. அதில் அகாடமியின் கணக்குப்படி 1.5 மைல் ஓட்டத்தை ஆண்கள் 10 நிமிடம் 30 வினாடிக்குள், பெண்கள் 12 நிமிடம் 40 வினாடிக்குள் முடிக்க வேண்டும். ஹாக்கி 45 வினாடி வெறித்தனமாக ஓடி பெஞ்சில் உட்காரும் ஆட்டம். அந்த மூச்சு நீண்ட ஓட்டத்துக்கு உதவாது. வாரத்தில் இரண்டு காலை ஓட்டத்தை இதற்கென்று தனியாக வையுங்கள்.

6. ட்ரை-அவுட்

கூர் தீட்டுவதை ஒரு வாரம் முன்பே முடித்து, அதில் ஒரு முறையாவது ஸ்கேட் பண்ணிப் பாருங்கள். இரண்டு விளிம்பும் சமமா என்று பார்க்க, ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து இரும்பின் மேல் குறுக்காக ஒரு நாணயத்தை நிறுத்துங்கள். அது ஒரு பக்கம் சாய்ந்தால் கூர் கோணல். திரும்பும்போது ஒரு பக்கம் மட்டும் வழுக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பிள்ளை தன் கால்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் ஐஸ் தொடாத கால் என்பது பயிற்சியாளருக்கும் தெரியும். முதல் நாளே கோல் போட்டுக் காட்ட வேண்டும் என்று இரண்டு நிமிடம் ஐஸிலேயே நிற்கிறவர்கள்தான் எடுபடாமல் போகிறார்கள். 40 வினாடியில் பெஞ்சுக்கு வாருங்கள், பக்கை, அதாவது ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வில்லையை, இழந்தால் திரும்பித் துரத்துங்கள். எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டால் இரண்டு இடம் சொல்லுங்கள். அணியில் இடம் கிடைக்காவிட்டால் பயிற்சிக்கு மட்டும் வரலாமா என்று கேளுங்கள், நடு சீசனில் அடிபட்டு ஆள் குறையும்போது அந்தப் பேர்தான் நினைவுக்கு வரும்.

முகத்தை முழுவதும் மூடும் கேஜ் கட்டாயம். சண்டை போட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். அதோடு முடியாது, மார்பில் நேவி என்று எழுதியிருக்கிறது, கம்பெனியிலும் பதில் சொல்ல வேண்டி வரும்.

7. சிட்டும் மூவ்மென்ட் ஆர்டரும்

அங்கே அனுமதிக் கடிதத்துக்கு சிட் என்று பெயர், நம் ஊர்ச் சீட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டாய நிகழ்ச்சி எதையாவது தவறவிட வேண்டுமென்றால் சிட் எழுதி, ஸ்குவாட் லீடரான மூத்த மாணவரில் தொடங்கிக் கம்பெனிக்குப் பொறுப்பான ஆபீசர் வரை மேலே மேலே போகும். அணி வெளியூர் போகும்போது யார் யார், எப்போது கிளம்பி எப்போது திரும்புகிறார்கள் என்று மூவ்மென்ட் ஆர்டர் போடுவார்கள்.

புதியவர்களின் தவறு: மூவ்மென்ட் ஆர்டரில் பேர் இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று சும்மா இருப்பது. அதில் பேர் இருந்தாலும் வகுப்பு ஆசிரியர், வாட்ச் பொறுப்பாளர், ஸ்குவாட் லீடர் மூவரிடமும் பிள்ளையே வாய் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் ஒரு பையன், நல்ல டிஃபன்ஸ்மேன், வெள்ளிக்கிழமை பையும் ஸ்டிக்குமாகப் பேருந்துப் படியில் கால் வைத்த பிறகுதான் சனிக்கிழமை வாட்சில் தன் பேர் இருப்பது நினைவுக்கு வந்து இறங்கினான். மாற்று ஆள் பேசி வைக்கவில்லை. அணி ஐந்து டிஃபன்ஸ்மேனோடு ஆடியது. அடுத்த நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான், சாப்பிடவே இல்லை.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு வாட்ச் பட்டியலைப் பார்த்து மாற்று ஆளைப் பிடிப்பது. ஒரு வாரம் முன்பு ஆசிரியர்களை நேரில் பார்த்து, தவறும் க்விஸையும் லேபையும் எப்போது ஈடுகட்டுவது என்று தேதியோடு பேசுவது. இரண்டு நாள் முன்பு ஸ்குவாட் லீடரிடம் ஒரு முறை ஞாபகப்படுத்துவது. வாட்ச் முதலில் வருவதற்குக் காரணம், மாற்று ஆள் கிடைப்பதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

ஒழுங்கு மீறலுக்கு ரெஸ்டிரிக்ஷன், அதாவது வெளியே போகத் தடை, விழுந்தால் வெளியூர் ஆட்டம் போயிற்று. ஷூ பாலிஷும் அறைச் சுத்தமும் ஹாக்கியின் ஒரு பகுதி என்று பிள்ளைக்கு இப்படிச் சொன்னால்தான் உறைக்கும்.

8. கிட்டை உலர்த்துங்கள், அன்றைக்கே

மாணவர் விடுதியான பான்கிராஃப்ட் ஹால் அறையில் ஈரக் கிட் வைத்தால் அறைத்தோழர்கள் பொறுக்க மாட்டார்கள், சோதனைக்கு வருகிறவர்களும் பொறுக்க மாட்டார்கள். ரிங்கிலேயே வைக்க இடம் கிடைத்தால் அதுதான் நல்லது.

ஆட்டம் முடிந்ததும் முதல் வேலை இரும்பைத் துடைப்பது, சட்டை மாற்றுவதற்கும் முன்னால். துண்டால் இரும்பை மட்டும் துடைத்தால் போதாது, பிளாஸ்டிக் தாங்கியோடு அது சேரும் இடுக்கையும் துடைக்க வேண்டும், தண்ணீர் அங்கேதான் தங்கும். ஸ்கேட்டின் உள்ளே இருக்கும் இன்சோல் அட்டையை வெளியே எடுத்து, நாக்கை முன்னால் இழுத்துத் திறந்து வையுங்கள். துணி உறை பையில் போகும்போது மட்டும், நடப்பதற்கு பிளாஸ்டிக் உறை. ஊர் வந்து சேர்ந்ததும் இரண்டையும் கழற்ற வேண்டும். கையுறையின் உள்ளங்கை காற்றுப் படும்படி மேல் நோக்கி இருக்கட்டும்.

நாற்றம் மட்டும் காரணமில்லை. ஈரக் கிட்டிலிருந்து தோல் தொற்று வரும், நெருக்கமாகத் தங்கும் இடத்தில் அது ஒருவரோடு நிற்காது. முழங்கையில் சிவந்த கட்டி, தொட்டால் சூடு என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

9. அடிபட்டால் மறைக்காதீர்கள்

தலையில் அடிபட்டு, வெளிச்சம் கூசுகிறது, படித்தது நிற்கவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும். சொன்னால் ஆட்டம் போகும், விமானியாகும் வாய்ப்பும் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். விமானப் பிரிவுக்குத் தலைக் காயம் உண்மையிலேயே கவனமாகப் பார்க்கப்படும் விஷயம், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறாத கன்கஷனோடு இரண்டாவது அடி வாங்குவது மூளைக்கே ஆபத்து. உடற்பயிற்சி வகுப்பில் குத்துச்சண்டையும் உண்டு என்பதை மறக்காதீர்கள், ஹாக்கியில் அடிபட்டதை அங்கே சொல்லாமல் போய் நிற்கக் கூடாது. பெற்றோர் தொலைபேசியில் ‘ஆட்டம் எப்படிப் போச்சு’ என்று கேட்பதோடு ‘தலை எப்படி இருக்கு’ என்றும் கேளுங்கள்.

10. கோடையும், மூன்றாம் வருடமும்

கோடையில் கப்பல், பயிற்சி, கொஞ்சம் விடுமுறை என்று போய்விடும், பல வாரம் ஐஸ் கிடைக்காது. கப்பலிலும் செய்யக்கூடியது உள்தொடைப் பயிற்சி: பக்கவாட்டில் படுத்துக் கீழ்க்கால் தூக்குவது, பக்கவாட்டில் ஒரு காலை எட்டி வைத்து முட்டியை மடக்குவது, தினம் பத்து நிமிடம். ஆகஸ்டில் திரும்பி வந்ததும் முதல் வாரத்திலேயே உள்தொடை பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் இதை விட்டவர்கள்தான், ஸ்கேட் தள்ளும் அசைவு ஓட்டத்தில் வராது, அந்தத் தசை தூங்கிப் போயிருக்கும். முதல் இரண்டு வாரம் முழு வேகம் வேண்டாம்.

மூன்றாம் வருட வகுப்பு தொடங்கும்போது பிள்ளை பணிக்கான உறுதிமொழியில் கையெழுத்திடும். அதுவரை விலகினால் கடன் எதுவும் இல்லை, அதற்குப் பிறகு உண்டு. அந்தக் கோடையில் விடுமுறைக்கு வரும்போது ஒரு மாலை ஒதுக்கி, ஹாக்கி நாளைக்கே நின்றுபோனாலும் இங்கே இருப்பாயா என்று கேளுங்கள். என் மகள் உடனே பதில் சொல்லவில்லை. கொல்லைப்புறத்தில் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்துவிட்டு, இருட்டின பிறகு உள்ளே வந்து ‘இருப்பேன்’ என்றாள். அப்புறம்தான் புது ஸ்கேட் வாங்கப் போனோம்.